ஓர் எழுத்தால் இழந்த நாள்கள்: கொல்கத்தா தேசிய நூலகத்தில் வாசகர் அட்டை பெற்ற அனுபவம்

ஐந்து நாள் பயணத்தில் மூன்று நாள்களை ஒரு வாசகர் அட்டைக்காக இழந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அடுத்துச் செல்லும் ஆய்வாளர் ஒருவருக்கேனும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் சென்றது எஸ். வையாபுரிப் பிள்ளையின் தொகுப்பைப் பார்ப்பதற்காக. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் ஓலைச்சுவடிகளும் அலிப்பூரில், தேசிய நூலகத்தில், தனித் தொகுப்பாக இருக்கின்றன.

முதல் பிழை என்னுடையதே. அந்த நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில், சென்று சேர்ந்த மறுநாளே கிளம்பிப் போனேன். அன்று அக்டோபர் 2. ஆண்டில் மூன்று தேசிய விடுமுறை நாள்களில் மட்டுமே மூடப்படும் நூலகத்துக்கு, அந்த மூன்றில் ஒன்றில் போய் நின்றிருக்கிறேன்.

வீணான பகலை ஸ்ட்ராண்ட் சாலையில் உள்ள மெட்காஃப் மண்டபத்தை வெளியிலிருந்து பார்ப்பதில் கழித்தேன். நூலகத்தின் வரலாறு அலிப்பூரில் தொடங்கவில்லை. 1836இல் பொதுமக்கள் சந்தாவில் உருவான கல்கத்தா பொது நூலகம் 1844 முதல் இங்குதான் இயங்கியது. 1891இல் அரசுச் செயலக நூலகங்களை இணைத்து உருவாக்கிய இம்பீரியல் நூலகத்தோடு அதைக் கர்சன் பிரபு சேர்த்து, 1903 ஜனவரி 30 அன்று இதே கட்டடத்தில் திறந்துவைத்தார். உயர்ந்த பீடத்தின் மேல் முப்பது கொரிந்தியத் தூண்கள் சூழ்ந்து நிற்கும் அந்த மண்டபத்தைப் பார்த்தபோது, புத்தகத்துக்கு இவ்வளவு மரியாதை செய்திருக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்தது.

மறுநாள் நேர்ந்ததுதான் பெரிய அடி. என் துறை அலுவலகம் தந்த பரிந்துரைக் கடிதத்தில் என் இனிஷியல் ‘என்’ என்பதற்குப் பதிலாக ‘எம்’ என்று அச்சாகியிருந்தது. ஆதார் அட்டையிலோ தந்தையின் பெயர் முழுதாக இருந்தது. இரண்டும் பொருந்தாததால், திருத்திய கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள், அது நியாயமே. ஆனால் துறை அலுவலகத்துக்கு நான் ஏழு முறை தொலைபேசியில் பேசியும், கையொப்பமிட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார் என்ற ஒரே பதில்தான் அன்றும் மறுநாளும் கிடைத்தது. ஓர் எழுத்தைத் திருத்த இரண்டு நாள்!

காத்திருந்த நேரத்தில் நூலக வளாகத்திலுள்ள பெல்வடேர் மாளிகையைச் சுற்றி நடந்தேன். அகன்ற படிவரிசையும் தூண்களும் கொண்ட இந்த வெண்ணிற மாளிகை 1854 முதல் 1911 வரை வங்காளத் துணை ஆளுநர்களின் இல்லம். இதன் அருகில்தான் 1780இல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆலோசனைக் குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கிச் சண்டையிட்டார்கள். 2010இல் தரைத்தளத்தில் வாசலே இல்லாத அறை ஒன்றைக் கண்டபோது புதையல் என்ற பேச்சுக் கிளம்பியது. பின்னர் ஆராய்ந்ததில் உள்ளே மண்தான் நிரம்பியிருந்தது. இம்பீரியல் நூலகம் 1948இல் தேசிய நூலகம் என்ற பெயர் பெற்றது. 1953இல் மௌலானா ஆசாத் அதை இங்கே பொதுமக்களுக்குத் திறந்துவைத்தபோது நூலகராக இருந்தவர் பி. எஸ். கேசவன்.

புதிதாகச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நூல்களும் வாசிப்பறையும் இப்போது மாளிகையில் இல்லை, அதே வளாகத்திலுள்ள பாஷா பவன் என்ற புதிய கட்டடத்துக்குச் செல்ல வேண்டும்.

நான்காம் நாள் காலை திருத்திய கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அரை மணி நேரத்தில் அட்டை கையில் இருந்தது. முதலில் எழுதிக் கொடுத்த கோரிக்கைச் சீட்டில் தொகுப்பின் பெயரைக் குறிப்பிடாததால் அது திரும்பி வந்தது. ஆகவே நூலின் எண்ணோடு தொகுப்பின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள். இனிஷியலை விரித்து, அடையாள அட்டையில் உள்ளபடியே கடிதத்தில் எழுதச் சொல்லி, வண்டி ஏறுமுன் நீங்களே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். முத்திரை, தேதி இரண்டையும் பாருங்கள்.

பிற்பகலில் நான் கேட்ட நூல் மேசைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு, தாள் பழுத்திருந்தது, எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. எஞ்சிய ஒன்றரை நாளில் பதினொரு நூல்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். ஓலைச்சுவடிகளைக் கேட்க நேரமில்லாமலே ஹவுரா மெயிலில் திரும்பினேன்.