கூடுதலாக விழுந்த ஒரு ச்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பையனின் அப்பா வாசலில் நின்றார். பையனுக்கு அவனுடைய அப்பாரு, அதாவது தாத்தா, பெயரைத்தான் வைத்திருந்தார்கள்: பழனிசாமி. சான்றிதழில் பழனிச்சாமி என்று இருந்தது. இரண்டும் வழக்கில் உள்ள பெயர்கள்தான். ஆனால் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் அந்த ஒற்று கிடையாது. "ஏனுங்கம்மா, இதொரு எழுத்துத்தானுங்களே, மாத்திக் குடுத்துப்போடுங்க" என்றார். மாற்றி வாங்க மாதக்கணக்கில் அலைந்தார்.

என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சான்றிதழுக்காகப் பள்ளியில் தயாரித்த பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க என்னிடம்தான் கொடுத்தார்கள். மூன்று பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். இரண்டைத் திருத்தியிருந்தார்கள், மூன்றாவது விட்டுப்போயிற்று. அன்று சாயங்காலம் நானே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிட வேலை. நான் உட்காரவில்லை. அந்தக் கணினி அறைக்குள் போவதையே பல வருடமாகத் தவிர்த்து வந்தேன்.

அது 2019. எனக்கு 53 வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில் 1990 முதல் தமிழாசிரியை. பிள்ளைகளுக்கு நான் தமிழம்மா. 2018-இல் புதுப் பாடப்புத்தகங்கள் வந்து, பக்க ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டமாகக் க்யூஆர் கோடு அச்சானபோதுகூட, பிள்ளைகளிடம் "அதை வீட்டில் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவேன். எனக்கு இருந்தது இயந்திரத்தின் மீது வெறுப்பு இல்லை. நான் எதையாவது தொட்டு, யாரோ பாடுபட்டுச் செய்தது அழிந்துவிடுமோ என்ற பயம். கரும்பலகையில் அழித்தால் என்ன அழிந்தது என்று தெரியும். திரையில் அது எங்கே போகிறது என்றே தெரியாதே!

கேள்வித்தாள்களை எழுதிக் கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்குவேன். கடை வைத்திருக்கும் பெண் என்னிடம் படித்தவள். நடந்ததை அவளிடம் சொன்னபோது, "ரெண்டு மணிக்கு மேல கூட்டம் இருக்காதுங்கம்மா, லீவுல வாங்க. நீங்களே அடிச்சுப்போடலாமுங்க" என்றாள். மே மாத வெயிலில் தினமும் போனேன்.

முதல் நாள் மவுஸைப் பிடித்த கை வேர்த்துவிட்டது. மேசை விளிம்புக்கு மவுஸ் வந்துவிட்டது, திரையில் அம்பு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. இனி எப்படி நகர்த்துவது என்று தெரியாமல் அப்படியே இருந்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையோடு சேர்த்து மவுஸைத் தூக்கி நடுவில் வைத்தாள். "தூக்கி வெச்சுக்கலாமுங்க." அவ்வளவுதான். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. தெரிந்தவர்களுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள்தான் என் பயத்தைப் பிடித்தாள். ஒரு பக்கம் முழுக்க அடித்ததை என்னையே அழிக்கச் சொன்னாள். மனசே வரவில்லை. அழித்தேன். வெள்ளைத் திரை. "இப்பக் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அமுத்துங்க." பக்கம் திரும்பி வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வரவழைத்தேன். ஐந்தாறு தடவை செய்திருப்பேன். அதற்கு முன் எத்தனையோ பேர் "ஈஸிதான் டீச்சர், பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லால் ஆகாதது இதில் ஆயிற்று.

அப்புறம் தமிழ் 99. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலும் வலக்கைக்கு. நடு வரிசையில் அ, இ, உ என்று குறில். அதற்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ என்று நெடில். க அடித்து இ அடித்தால் கி. முப்பது வருடமாக உயிர்மெய் என்று பலகையில் எழுதிக் காட்டியதை விரல் செய்கிறது. ங அடித்துக் க அடித்தேன். புள்ளி தானாக விழுந்து ங்க என்று நின்றது. ஞ-வும் ச-வும் ஞ்ச. ந-வும் த-வும் ந்த. இன எழுத்து! எத்தனை வகுப்புகளில் நான் நடத்திய பாடம்! கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. வேறு யாருடைய வீட்டுக்கோ கூச்சத்தோடு வந்தவளுக்கு, உள்ளே நம் ஆட்கள் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தாலும் முதலாவதற்குப் புள்ளி வந்துவிடும்: க்க, ச்ச. அன்று பழனிசாமி என்று அடித்துப் பார்த்தேன். எட்டுத் தட்டு. பழனிச்சாமிக்கு ஒன்பது. ச-வில் கூடுதலாக ஒரு தட்டு, அந்த அப்பாவுக்கு அத்தனை அலைச்சல்.

கடையில் அதுவரை வானவில் எழுத்துருவில்தான் அடிப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஏதோ ஆங்கில எழுத்துகளைக் கொட்டிய மாதிரி தெரியும். இத்தனை நாளும் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று பயந்ததில் பாதி இதுதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தால் எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். வீட்டுக்கு மகனின் பழைய லேப்டாப் வந்தது. ஒவ்வொரு படியையும் நாற்பது பக்க நோட்டில் என் கையால் எழுதி வைத்துக்கொண்டேன். ஒருநாள் கரண்ட் போய் இரண்டு பக்கம் போயிற்று, லேப்டாப்பில் பேட்டரி சரியில்லை. திரும்ப அடித்தேன். அன்றிலிருந்து பத்தி முடிந்தால் கன்ட்ரோல் எஸ்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இது கைகொடுத்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, ஆனால் சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமே. எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் ஒரே ஃபோன். பொதுமுடக்கம் தளர்ந்ததும் அப்பா அதை எடுத்துக்கொண்டு கம்பெனி வண்டியில் திருப்பூர் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவார். அதனால் என் வகுப்பும் எட்டு மணிக்குத்தான். என் ஃபோனில் தமிழில் அடிக்கச் செல்லினம் என்ற செயலியைப் போட்டு, அதிலும் தமிழ் 99 வைத்துக்கொண்டு, கேள்விகளை வாட்ஸப்பில் அனுப்புவேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார்கள். வீடியோவில் பேசுவதற்கு மட்டும் ரொம்ப நாள் கூச்சம் இருந்தது. இப்போதும் எனக்கு அது பிடித்தமில்லை, செய்கிறேன்.

பள்ளி திறந்த பிறகு, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். ஆதாரை மேசையில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் அடிப்பேன், அவர்கள் திரையைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்த பெயர். ஒரு பெண், பெயர் யாழினி, "அம்மா, நானே ஒருக்கா அடிக்கறனுங்க" என்றாள். எழுந்து இடம் கொடுத்தேன். ழ எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டவில்லை. கீழ் வரிசைக் கடைசியில் அவளே கண்டுபிடித்தாள்.