வெயில் அச்சிட்ட இலைகள்: கோடைத் தோட்டமும் சாற்று ஓவியமும்

இந்தக் கோடையில் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை என்று முடிவு செய்தபோதே இரண்டு வேலைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். காலையில் தொட்டிச் செடிகள். வெயில் ஏறியபின் இலைச்சாறு பூசிய தாளில் சூரிய ஒளியால் படம் எடுக்கும் ஆன்தோடைப் முறை. தொடங்கும்போது இவை இரண்டும் தனித்தனி என்றுதான் நினைத்தேன். போகப் போக ஒன்றுக்கு ஒன்று தீனி போட ஆரம்பித்துவிட்டது. தோட்டம் சாறும் இலையும் தருகிறது, படத்துக்காக இலை தேடும் கண் தோட்டத்தைக் கூர்ந்து பார்க்கிறது. செய்து பார்த்ததை எழுதிவைக்கிறேன். வெயிலுக்கு அஞ்சி நடுப்பகலை வீணாக்குகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் செடிகள். கோடையில் எதை விதைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. பசலைக்கீரை வகைகள் சில நீண்ட பகலையும் சூட்டையும் கண்டால் சட்டென்று பூத்துத் தண்டு நீட்டிவிடும், இலை தராது. தக்காளி பகலில் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்து பூவை உதிர்க்கும். எவ்வளவு உரமிட்டாலும் அப்போது காய் பிடிக்காது. ஆகவே தக்காளியை நிழல்வலையின் கீழ் தள்ளி, குளிர்ச்சி வரும்வரை உயிரோடு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். புதிதாக விதைத்தவை சிவப்புத் தண்டுக்கீரை, வெண்டை, தட்டைப்பயறு. ஓரத்தில் டேபிள் ரோஸ்.

தண்டுக்கீரையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒளிச்சேர்க்கையில் அது சி4 வகை. மக்காச்சோளமும் கரும்பும் இதே கூட்டம்தான். கடும் வெயிலிலும் இலைத்துளைகளை அதிகம் திறக்காமல் கரியமில வாயுவைச் செறிவாக்கிப் பயன்படுத்திக்கொள்ளும். மற்ற செடிகள் வாடிப் பிழைத்துக் கிடக்கும் நாட்களில் இது மட்டும் வெட்ட வெட்டத் துளிர்ப்பதற்குக் காரணம் அதுதான். ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். கோடைத் தோட்டத்தைத் தொடங்குகிறவர் யார் கேட்டாலும் முதல் விதை இதுதான் என்பேன்.

தண்ணீர் விஷயத்தில் நான் உறுதியாகப் பின்பற்றியது ஒன்றே: விடியற்காலையில் வேருக்கு ஊற்றுவது, பிறகு கை வைக்காமல் இருப்பது. நடுப்பகலில் பூசணிக் கொடியின் இலைகள் குடை மடக்கியதுபோல் தொங்கும். பார்ப்பவருக்கு மனம் பதறும். ஆனால் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் அந்த நேரத்தில் அதிகம், அவ்வளவுதான். வெயில் சாய்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். அந்த வாட்டத்தைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். மாலையிலும் நிமிராத செடிக்குத்தான் உண்மையில் தாகம். அல்லது வேரில் ஏதோ கோளாறு இருக்கிறது.

மண்ணின் மேல் காய்ந்த சருகை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டேன். பெரிய தொட்டியில் மட்டும் பூச்சில்லாத சிறு மண்கலயம் ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தேன். மண் காயும்போது கலயத்தின் சுவர் வழியாக நீர் கசியும், மண் நனைந்திருந்தால் கசிவு குறையும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய முறை இது. வேர்கள் கலயத்தைச் சுற்றி வலைபோட்டு ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் தொட்டியில் நான் ஊற்றும் நீர் கண்கூடாகக் குறைந்தது. மற்ற தொட்டிகளுக்கும் செய்ய ஆசைதான். சிறிய தொட்டியில் கலயம் வேருக்கான இடத்தை அடைத்துக்கொள்வதால் செய்யவில்லை.

இத்தனையும் காலை ஒன்பதுக்குள் முடிந்துவிடும். அதன்பிறகுதான் இரண்டாவது வேலை.

செடிகளின் சாறு வெயிலில் வெளுக்கும் என்பது யாருக்கும் தெரியாத செய்தியல்ல. அதை வைத்துப் படம் எடுக்கலாம் என்று முறையாக ஆராய்ந்தவர் ஜான் ஹெர்ஷல், வானியலாளர். பல பூக்களின் சாற்றைத் தாளில் பூசி, ஒளியின் எந்த நிறம் எதை வெளுக்கிறது என்று பார்த்து, 1842இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் கட்டுரை வெளியிட்டார். நீல அச்சுமுறையான சயனோடைப்பை அவர் கண்டறிந்ததும் அதே ஆண்டுதான். அறிவியல் எழுத்தாளர் மேரி சோமர்வில்லும் இலை, பூச்சாறுகளை வைத்து இப்படிச் சோதனை செய்தார். அவரது முடிவுகள் 1845இல் ரோமிலிருந்து ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதமாகத்தான் அந்தச் சங்கத்தை அடைந்தன. இவ்வளவு திறமையுள்ளவர்கள் உட்கார்ந்து செய்த வேலையை, தொட்டியில் பறித்த கீரையும் ஒரு தூரிகையும் கொண்டு இன்று நாமும் செய்யலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

செய்முறை எளிது. சிவப்புத் தண்டுக்கீரையின் இலைகளை மிகக் கொஞ்சம் நீர் விட்டு அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் பிழிந்தேன். துணியில் தங்கும் சக்கையைத் தோட்டத்து உரக்குழிக்குக் கொடுத்துவிடலாம். சாற்றை அன்றே பயன்படுத்த வேண்டும், மறுநாளைக்கு நிறம் கெட்டுவிடும். தாள் கனமாக இருக்க வேண்டும். நீர்வண்ண ஓவியத்துக்கான 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள் சாற்றைக் குடித்தாலும் சுருங்குவதில்லை. அகலத் தூரிகையால் ஒரு முறை கிடைமட்டமாக, காய்ந்தபின் ஒரு முறை செங்குத்தாகப் பூசினேன். இருட்டறையில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துவது நல்லது. இந்தச் சிவப்பு பீட்டாலெய்ன் என்ற நிறமி, ஒளிக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும் சிதையும்.

காய்ந்த தாளின்மேல் இலையை வைத்து, அதன்மேல் கண்ணாடி, அடியில் அட்டை, சுற்றிலும் கிளிப். அப்படியே வெயிலில். இலை மறைத்த இடத்தில் நிறம் தங்கும், ஒளி பட்ட இடம் வெளுக்கும். அவ்வளவுதான் தத்துவம்.

முதல் தாளில் ஒன்றைக் கவனித்தேன். புத்தம் புதிய இலையை வைத்தால் கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகித் தாளில் திட்டுத் திட்டாகப் படிகிறது. ஆகவே இலைகளை இரண்டு நாள் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கிவிட்டுப் பிறகு பயன்படுத்துகிறேன். தட்டையான இலை தாளோடு ஒட்டிப் படியும், ஓரக் கோடு கூர்மையாக விழும். சுருண்ட ஓரத்துக்கு அடியில் ஒளி நுழைந்து மங்கலாக்கும்.

தண்டுக்கீரைத் தாள் சில நாள் நல்ல வெயில் கேட்டது. கிளிப்புகளில் ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தி, மூலையைத் தூக்கிப் பார்த்து மறுபடி மூடினேன். வெளுத்த பகுதி தூய வெள்ளையாகவில்லை, மங்கிய சந்தன நிறம். அதன்மேல் ஆழ்ந்த கத்தரிப்பூச் சிவப்பில் வெண்டை இலை. ஐந்து மடலும், பற்கள் வெட்டிய ஓரமும், காம்பில் இருந்த மெல்லிய ரோமம்கூடச் சிறு புகைபோல விழுந்திருந்தது. தோட்டத்தில் தினமும் தொட்ட இலைதான். அதன் ஒரு மடல் மற்றதைவிடக் குட்டை என்பதைத் தாளில்தான் பார்த்தேன்.

பச்சைக் கீரைச் சாற்றையும் முயன்றேன். மிக மெதுவானது. உயிருள்ள இலையில் பச்சையம் சிதையச் சிதைய இலையே புதிதாக உருவாக்கிக்கொள்ளும், தாளில் அந்தப் பராமரிப்பு இல்லை, அதனால்தான் வெளுக்கிறது. ஆனாலும் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பலன் மென்மையான ஆலிவ் பச்சை. பொறுமை உள்ளவர்களுக்கு அது மிக அழகு, எனக்கு மஞ்சள்தான் பிடித்தது.

மஞ்சள்தூள் இந்த முறையில் வேகக்காரன். அதன் நிறமியான குர்க்குமின் நீரில் அநேகமாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலக்கி, தெளிந்ததை மட்டும் வடித்துப் பூசினேன். நெருப்பு அருகில் இல்லாமல், ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டிய வேலை. உச்சி வெயிலில் சில மணி நேரத்திலேயே படம் விழுந்துவிடுகிறது. காலையில் வைத்தால் பிற்பகலில் எடுக்கலாம். மஞ்சள்மேல் மங்கிய மஞ்சள் என்பதால் முதலில் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. போரான் கலந்த உப்பான வெண்காரத்தை (போராக்ஸ்) நீரில் கரைத்து லேசாகத் தெளித்தால்தான் மாயம். எஞ்சியிருக்கும் குர்க்குமின் காரத்தோடும் போரானோடும் சேர்ந்து செம்பழுப்பாக மாறுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை தாளிலிருந்து எழுந்து வருகிறது. வெண்காரம் உள்ளே போகக் கூடாதது. கையுறை போட்டுச் செய்ய வேண்டும், குழந்தைகள் இருந்தால் தெளிக்கும் வேலையைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் முழுசான இலைகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பூச்சி அரித்த தட்டைப்பயறு இலை ஒன்றைக் கொண்டுவந்து, "அத்தை, இதை வைத்தால் ஓட்டை எல்லாம் விழுமா?" என்று கேட்டாள். வைத்தோம். விழுந்தது. ஒவ்வொரு துளையும் செம்பழுப்பு இலைக்குள் வெளிர் புள்ளியாக, புழு எங்கே தொடங்கி எந்த நரம்போடு திரும்பியது என்பதுவரை தெரிந்தது. இதுவரை வந்த படங்களில் அதுவே சிறந்தது என்பது என் கருத்து. அன்று முதல் இருவரும் அரித்த இலை தேடுகிறோம். இலையின் சதைக்குள்ளேயே குடைந்து போகும் பூச்சியின் வெண்ணிற வளைகோடுகள் கொண்ட இலையும் கிடைத்தது. அந்தக் கோட்டில் தோல் மட்டுமே மிச்சம், ஒளி ஊடுருவும். அதனால் அதுவும் அச்சில் விழுகிறது.

எந்த இலை எதற்கு என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. கனத்த இலைகள் வெளிவடிவம் மட்டும் தரும். மெல்லியவை நரம்புகளையும் தரும். கேரட் இலை, பெரணி போன்ற நுணுக்கமான பிளவுகள் உள்ளவை மஞ்சளில் மிக அழகாக வருகின்றன. டேபிள் ரோஸ் இலை சதைப்பற்றானது, அழுத்தினால் சாறு கசிந்து தாளைக் கெடுக்கும். அதன் பூவிதழ்களில் இருப்பதும் பீட்டாலெய்ன்தான் என்பதால் அதைச் சாறாக்கிப் பூசுவதே பொருத்தம். ஆனால் ஒரு தாளுக்கு வேண்டிய அளவு பூக்களைப் பறிக்க மனம் வரவில்லை, செடியிலேயே இருக்கட்டும்.

எந்த நிறமும் தான் உறிஞ்சும் ஒளியால்தான் சிதைகிறது. இதை ஹெர்ஷலும் குறித்திருக்கிறார். மஞ்சள் நிறமி நீலத்தையும் ஊதாவையும் உறிஞ்சும், சிவப்பு நிறமி பச்சையை உறிஞ்சும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் சாறு எந்த வானத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது சுவையான விளையாட்டாகிவிடுகிறது. ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலில் குறித்துவைக்கிறேன்: என்ன சாறு, எத்தனை பூச்சு, எந்த இலை, வானம் எப்படி இருந்தது. மை வேண்டாம், சாறு ஊறினால் பரவும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் படங்களை நிலைப்படுத்த வழி இல்லை. எந்த ஒளி படத்தை உருவாக்கியதோ அதே ஒளி அதைத் தொடர்ந்து வெளுக்கும். சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் சில மாதங்களில் மங்கிவிடும். நான் கறுப்புக் காகிதம் இடையிட்ட ஆல்பத்தில் வைத்திருக்கிறேன், வந்த அன்றே ஸ்கேன் செய்தும் வைக்கிறேன். நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் சயனோடைப் செய்யலாம், இரும்பு உப்புகள் தரும் அந்த நீலம் நெடுநாள் நிற்கும். எனக்கு ஆல்பத்தைத் திறந்து பார்ப்பதே போதுமாக இருக்கிறது.

இப்போது இரண்டாம் தவணைத் தண்டுக்கீரை முளைத்து நான்கு இலை விட்டிருக்கிறது. இந்த முறை பாதியை அரைப்பதற்கென்றே நெருக்கமாக விதைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு அடியில் இருப்பது பூசணிப் பூவின் நீளவாக்கு வெட்டு, இரண்டு நாள் அழுத்தி உலர்த்தியது, மஞ்சள் தாளில். இதழ் மெல்லியது, ஆகவே நரம்பு விழும் என்று எதிர்பார்க்கிறேன். மகரந்தத் தண்டு மட்டும் அடர்ந்த நிழலாக நடுவில் நிற்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மூலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.