மழை விட்ட பிறகு உடையும் படம்

மலேசியாவில் வீடுகளுக்கு டிவி ஏரியலும் சாட்டிலைட் தட்டும் பொருத்தும் வேலை என்னுடையது. "மழைன்னா டிவி போகத்தானே செய்யும் தம்பி" என்று சொல்லிக்கொண்டு, கோளாறை மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. சாட்டிலைட் தட்டோடு பழகியதால் வந்த நினைப்பு அது. தட்டுக்கு வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம். கனமழை அதைத் தின்றுவிடும். ஏரியல் வாங்குவது 700 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே உள்ள யுஎச்எஃப் அலை. மழை அதை அவ்வளவாகத் தொடாது. ஆகவே மழையை ஒட்டிப் படம் உடைந்தால் நான் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்படுவேன்.

கிள்ளானில் ஒரு டெரஸ் வீடு. டிவி2 தமிழ்ச் செய்தியை விடாமல் பார்க்கிற அம்மா. எப்போது போகிறது என்று கேட்டேன். "பெய்யிறப்போ நல்லாத்தான் இருக்கு. விட்ட அப்புறம்தான் கட்டம் கட்டமா உடையுது. மறுநாள் வெயில் ஏறினா தானா வந்துடும்" என்றார். இப்படிக் கவனித்துச் சொல்பவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தண்ணீர் மெல்ல இறங்கி, மெல்லக் காய்கிறது.

டிவியோடு இணைத்த டிகோடர் பெட்டியின் மெனுவில் அலையின் வலிமை நிறைய காட்டியது. தரம் மட்டும் ஏறி ஏறி விழுந்தது. கூரையில் ஏரியலை ஒட்டி, அலையைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு பூஸ்டர். அதற்குள் போகும் கனெக்டரைக் கழற்றினால் செம்பு பச்சை பூத்திருந்தது. பூஸ்டருக்கான மின்சாரமும் அதே கேபிளில்தான் ஏறுகிறது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு சீக்கிரம் அரித்துவிடும். கேபிள் உறையை உரித்தேன், உள்ளே பின்னல் கம்பி கறுத்திருந்தது. திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தப் பின்னல் நீரை இழுத்துக்கொண்டே போகும். அதனால் நுனியை மட்டும் நறுக்கி ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது. சுத்தமான செம்பு தெரியும் வரை வெட்ட வேண்டும், இல்லையென்றால் கேபிளையே மாற்ற வேண்டும். அங்கே மாற்றினேன். கனெக்டர் மேல் ரப்பர் டேப் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டேன், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

அனலாக் காலத்தில் புள்ளி விழுந்து, நிழல் தட்டி, கோளாறு வளர்வது கண்ணுக்குத் தெரியும். 2019இல் அனலாக் ஒளிபரப்பு இங்கே நின்றுவிட்டது. டிஜிட்டலில் பிழைகளைத் திருத்த முடிகிறவரை படம் பளிச்சென்று இருக்கும், அந்த எல்லை தாண்டினால் ஒரேயடியாகப் போய்விடும். அலை போதவில்லை என்று நினைத்துப் பலரும் உடனே பூஸ்டர் வாங்குகிறார்கள். அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், கெட்ட கனெக்டரைச் சரிசெய்யாது.

அந்த வீட்டில் கேபிள் மாற்றியதும் பூஸ்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். தரம் அசையாமல் நின்றது. அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.