பிரேக் எங்க பிடிச்சனான்?

போன கார் ஓட்டத்தின்ர டேட்டாவை நேற்று இரவு உவர்மலை வீட்டு விறாந்தையில இருந்து லப்டொப்பில திறந்தன். மூண்டாவது வளைவுக்குக் கடைசி நேரத்திலதான் பிரேக் பிடிக்கிறனான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். காரின்ர இடத்தையும் வேகத்தையும் பதியிற ஜிபிஎஸ் லொகர் மானத்தை வாங்கிப்போட்டுது. அக்சிலேட்டரில இருந்து காலை எடுத்திட்டு, பிரேக்கையும் மிதிக்காம கார் சும்மா உருளுது. வேகக்கோடு செங்குத்தா விழவேண்டிய இடத்தில உப்புவெளிக் கடற்கரை மாதிரி மெல்லச் சரியுது.

"போன் ஆப் காணாதோ அண்ணா?" எண்டு தம்பி கேட்டான். அனேகமான போன் செக்கனுக்கு ஒருக்காத்தான் இடத்தைக் குறிக்கும். மணிக்கு 100 கிலோமீற்றரில அதுக்குள்ள கார் கிட்டத்தட்ட 28 மீற்றர் போயிடும். செக்கனுக்குப் பத்துத்தரம் குறிக்கிற 10 ஹேர்ட்ஸ் கருவியெண்டா 2.8 மீற்றருக்கு ஒரு புள்ளி. சுற்று முடியிற கோட்டைத் தாண்டின நேரத்தை ரெண்டு புள்ளிக்கு நடுவில கணக்குப் போட்டு எடுக்கும்.

முதல் நாலு சுற்றும் கார் பத்தைக்குள்ளால ஓடினதாத்தான் படம் காட்டினது. அன்டெனாவை டாஷ்போட்டுக்குக் கீழ ஒளிச்சு வச்ச கெட்டித்தனம் என்ரதான். வானம் தெரியவேணுமே! கூரையில ஒட்டின பிறகுதான் சரிவந்தது.

பின்னால நிண்டு பார்த்த அப்பா கேட்டார்: "ஆற்ற ஈசிஜியடா இது?"