பட்டினி

'பட்டினி போட்டா செத்துடும்' என்று சொன்னது நான்தான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

டாக்டர் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து சொன்னதை, பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்திருந்த அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் நான்தான் தமிழில் சொன்னேன். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால்வாசி குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அண்ணனுக்குக் கல்லீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டியோ தமனி ரத்தத்தை நம்பியே வளர்கிறது. அதனால்தான் தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் கிளை வரை கொண்டுபோய், லிப்பியோடால் எண்ணெயில் கலந்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்தி, பிறகு அந்தக் கிளையை அடைக்கிறோம். டேஸ் (TACE) என்கிற சிகிச்சை இதுதான். எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கட்டிக்குச் சாப்பாடே ரத்தம்தாண்ணா. அதை அடைச்சுப் பட்டினி போட்டா செத்துடும்" என்றேன். உடனே தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு மாசம் கழித்து சி.டி.க்கு வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. ஆறு கிலோ குறைந்திருந்தார். டேஸுக்குப் பிறகு காய்ச்சல், வலி, குமட்டல் எல்லாம் சில நாள் இருக்கும். அதில் சாப்பிடாமல் விட்டிருப்பார் என்று நினைத்தேன். அக்காதான் சொன்னார்: "காலையில ஒரு டம்ளர் கஞ்சி, ராத்திரிக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். நான் சாப்பிட்டா அதுவும் சாப்பிடும்ங்கிறார்."

அண்ணனைப் போல சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நோய், உள்ளவர் ராத்திரி முழுக்க வெறும் வயிறோடு கிடந்தாலே உடம்பு தன் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். படுக்கும் முன்கூட ஏதாவது சாப்பிடச் சொல்வோம். டிஸ்சார்ஜ் அன்று சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம்.

சாப்பாட்டைக் குறைக்க நான் சொல்லவே இல்லையே. சர்க்கரையை விடு, பாலை விடு என்று அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? ஆனால் 'அதுவும் சாப்பிடும்' என்பது அக்கம்பக்கத்துப் பேச்சில்லை, என் பேச்சு. இன்னொன்றும் உறுத்துகிறது. "கண்ட்ரோல் பண்ணுவோம், மறுபடி செய்ய வேண்டிவரலாம்" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் தமிழில் சொன்னேன். 'செத்துடும்' என்று கேட்ட காதில் அது எங்கே ஏறியிருக்கும்? அப்படிச் சொல்லாவிட்டால் அவருக்கு எதுவுமே புரிந்திருக்காது என்றும் தோன்றுகிறது. புரியாமல் போட்ட கையெழுத்து மட்டும் சரியா?

படத்தில் எண்ணெய் தங்கிய இடம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கட்டியின் பெரும்பகுதி செத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் உயிரோடு. இரண்டாவது டேஸ் தள்ளிப்போனது. உடம்பு முதலில் தேறட்டும் என்றார் டாக்டர்.

அக்கா வெளியே பெஞ்சில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இவருக்குக் குடுத்தா அதுக்கும் போகும்தானே சிஸ்டர்?"

"இல்லக்கா. அண்ணன் நல்லா சாப்பிடணும். பட்டினி அந்தக் குழாய் வழியா மட்டும்தான்."

மறுபடியும் அதே வார்த்தை. அக்கா மூடியைத் திறந்தார். அண்ணன் இட்லியைப் பிட்டு, வாயில் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.