தேங்காய் ஓட்டுக் கரி எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும்? தராசில் நிறுத்துப் பார்த்தது

திடப்பொருளின் பரப்பு வாயுவைக் கவர்வதை வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கலாம். தண்ணீர் வடிகட்டிக்கு விற்கும் தேங்காய் ஓட்டு ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் நிறைந்த கரி) 20 கிராம், 115 மி.லி. கண்ணாடிப் புட்டி, 0.01 கிராம் காட்டும் தராசு, மீன் தொட்டி டியூப். இவ்வளவு போதும். சிக்கலெல்லாம் தராசு காட்டும் எண்ணில் கரி கவர்ந்தது எது, மற்றது எது என்று பிரிப்பதில்தான்.

கரியை ஓவனில் 150 டிகிரியில் 2 மணி நேரம் காய வைத்து, சூடாக இருக்கும்போதே புட்டியில் போட்டு மூட வேண்டும். திறந்து ஆற விட்டால் அறையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆறியதும் மூடியை ஒரு நொடி தளர்த்தி, உள்ளே காற்று புக விட்டு, பிறகு எடை எடுக்கவும்.

முதல் ஓட்டம்: வினிகரும் சமையல் சோடாவும் கலந்து, வந்த கார்பன் டை ஆக்சைடைக் கரிப் புட்டிக்குள் விட்டோம். எடை 1.97 கிராம் ஏறியது. நம்பவில்லை, சரிதான். உலர்ந்த காற்றை ஒரு மணி நேரம் ஊதிய பிறகும் 0.38 கிராம் இறங்கவில்லை. கரியைச் சூடாக்கினால் வினிகர் வாடை. அசிட்டிக் அமில ஆவியைக் கரி கார்பன் டை ஆக்சைடைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரும் சேர்ந்திருக்கும்: 30 டிகிரியில் ஈரம் நிறைந்த வாயுவில் ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவி உண்டு. அதாவது லிட்டருக்கு 0.03 கிராம், 5 லிட்டர் வாயுவில் 0.15 கிராம்.

இரண்டாவது ஓட்டம்: புதுக் கரி, சமையல் சோடா 17 கிராம், சிட்ரிக் அமிலம் 15 கிராம். சுமார் 5 லிட்டர் வாயு வரும். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாய் வழியே விட்டு, டியூப்பின் முனை புட்டியின் அடியைத் தொடுமாறு வைத்தோம். வாயு உண்டாகும் பாத்திரத்தை ஒருபோதும் இறுக மூடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். புட்டி கையில் தெரியுமளவு சூடாகும். பரப்புக் கவர்தல் வெப்பத்தை வெளிவிடும் நிகழ்வு. அந்தச் சூட்டில் நிறுத்தால் எண் குறையும், ஏனெனில் சூடான கரி குறைவாகவே பிடிக்கும். வாயு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆற விட வேண்டும்.

ஏற்றம் 1.62 கிராம். இதில் புட்டிக்குள் கரி போக மீதியில் காற்று இருந்த இடத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு வந்த எடையும் அடக்கம். கரித் திண்மத்தின் அடர்த்தி சுமார் 2.1 கிராம்/க.செ.மீ.; 20 கிராமுக்கு 9.5 மி.லி. போக மீதி 105 மி.லி. 30 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 1.77 கிராம், காற்று 1.16. வித்தியாசம் 0.61ஐ 0.105 லிட்டரால் பெருக்கினால் 0.06 கிராம். கிராம்/லிட்டரும் கிலோகிராம்/க.மீட்டரும் ஒரே எண்தான், கிராம்/க.செ.மீ. ஆக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டும். வகுக்காமல் மி.லி.யால் பெருக்கினால் 64 கிராம் வரும். அவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். படாத பிழை வேறு: 0 டிகிரியில் ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம் என்று பாடநூலில் பழகிய 22.4 லிட்டரை 30 டிகிரிக்கும் போடுவது. அங்கே ஒரு மோலுக்கு 24.9 லிட்டர், 10 சதவீதம் சத்தமில்லாமல் போய்விடும்.

ஆக 1.56 கிராம். கார்பன் டை ஆக்சைடின் ஒரு மோல் எடையான 44.01ஆல் வகுத்தால் 35.4 மில்லிமோல், கரியின் கிராமுக்கு 1.77. திட்ட வெப்ப அழுத்தத்தில் (0 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம்) சொன்னால் கிராமுக்கு 39.7 க.செ.மீ. உண்மை இதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். கரியில் முன்பே ஒட்டியிருந்த நைட்ரஜனும் ஆக்சிஜனும் இடம் விட்டு வெளியேறுகின்றன. அந்த இழப்பைத் தராசு தனியாகக் காட்டாது.

இந்தக் கரியைக் கொட்டினால் 20 கிராம் 41.7 மி.லி. இடம் பிடிக்கிறது, 480 கிலோகிராம்/க.மீட்டர். அதே இடத்தில் 1.56 கிராம் வாயு என்றால் லிட்டருக்கு 37 கிராம். வெறும் வாயுவைவிட 21 மடங்கு நெருக்கம்.

அடுத்து இதே சோதனை பனிக்கட்டித் தண்ணீரில், 0 டிகிரியில். லிட்டருக்கு இத்தனை கிராம் என்ற எண்ணைக் காற்றுக்கு 1.29, கார்பன் டை ஆக்சைடுக்கு 1.98 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த புட்டியின் வெளியே நீர் படியும், அதுவும் எடையில் சேரும். இறுக மூடி அறைச்சூட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது. கரி விடும் வாயுவால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆகவே பனிக்குள் இறக்கும் முன்பே புட்டிக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை. வெளியே எடுத்ததும் உறையை உருவிவிட்டு உடனே தராசு.