வடைச்சட்டி வாசனை

காலை ஏழு மணி, கோத்தகிரி. ஏற்றத்தில் ஒரு பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. சைலன்சரிலிருந்து வடை சுட்ட எண்ணெய் வாசனை. டீசலுக்குப் பதில், பழைய சமையல் எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலில் ஓடும் வண்டி அது.

"கருப்பே இல்ல பாருங்க, சுத்தமான புகை" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். சொல்லி முடிக்குமுன் இருமல்.

கருப்பு குறைவது உண்மைதான். பயோடீசலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கரி குறையும். ஆனால் 0.1 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் கண்ணில் படாது. நுரையீரலின் காற்றுப்பை வரை போகக்கூடியவை அவை.

தொண்டையைப் பிடிப்பது அக்ரோலின் என்ற எரிச்சலூட்டும் ஆவி. அடுப்பில் எண்ணெய் கருகினால் ஒரு நெடி ஏறுமே, அதே சரக்கு.

பழைய எண்ணெயை மெத்தனால், காஸ்டிக் சோடாவோடு கலந்து, அடியில் படியும் கிளிசரினைப் பிரித்து, தண்ணீரில் கழுவினால்தான் பயோடீசல். கழுவாவிட்டால் மிஞ்சிய கிளிசரின் சூட்டில் அக்ரோலினாக மாறும். வெறுமனே வடிகட்டி ஊற்றுவது அதைவிட மோசம். எண்ணெய் கெட்டி; எரிபொருளை எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரில் பூந்தூறலாகப் பிரியாமல் பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே வரும்.

குளிர்ந்த எஞ்சினில் இந்தப் புகை இன்னும் கூடும். பனிக்காலத்தில் வெயில் ஏறும்வரை பள்ளத்தில் புகை கலையாமல் கிடக்கும்.

ஷெட்டுக்குள் வண்டியைச் சூடேற்றாதீர்கள், வெளியே எடுத்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை ஸ்கூல் ஜீப்புக்குப் பின்னால் நிற்கவே விடாதீர்கள்.